எள்ளளவு உலோகம்

மாறிவிட்டது.

மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறி ஓரிடத்தில் நின்றது. இத்தனை நாளும் கரண்ட்டை உள்ளே விடாமல் முரண்டு பிடித்த கறுப்புப் படிகம், எள்ளைவிடச் சற்றே பெரியது, இப்போது ஓர் உலோகத் துண்டு.

அவள் பக்கத்து மீட்டரைப் பார்த்தாள்.

வெப்பநிலை காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

லென்ஸின் மேல் குனிந்தாள். உலோகமாகும்போது படிகம் ஒரு துளி நீளும். அந்த உதறலில், மேலே ஒட்டியிருந்த வெப்பமானிக் கம்பி பிய்ந்து காற்றில் நின்றது.

"ச்சே!"

வெப்பநிலைதான் எல்லாம். எண்பது டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இந்தப் படிகம் தானாகவே உலோகமாகிவிடும். அந்தச் சூடு இல்லாமல் கரண்ட் மட்டுமே அதை மாற்றுகிறது என்று அவள் ஆராய்ச்சிக் குழுவின் முன் சொன்னபோது, பேராசிரியர் சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கரண்ட் விட்டா எதுவும் சூடாகும்மா. இஸ்திரிப் பெட்டி ஆகல?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஒட்டேன்டி," என்றாள் ரெஹானா. பக்கத்து மேசையில் அவளுக்கு வேறு ஆராய்ச்சி.

"ஆஃப் பண்ணா சுருங்கும். சுருங்கினா தூள். மத்த படிகமெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிற?"

"அப்ப கரண்ட் ஓடும்போதே ஒட்டு."

"ஒட்டுறது வெள்ளிப் பசைடி. ஈரமா வழிஞ்சா கரண்ட் பூரா அது வழியா ஓடிடும்."

இதுதான் கடைசிப் படிகம். வளர்க்கும் உலை பழுதாகிக் கிடந்தது.

எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், விடை உட்கார்ந்திருந்தது. கேட்கத்தான் வழியில்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"ஏய், ஷாக் அடிக்கப் போகுது!"

"டார்ச் லைட் அளவு வோல்ட்டுதான்."

"சுட்டா?"

"சுட்டா, சார் சொன்னதுதான் சரி."

"சுடலன்னா மட்டும்? விரல் சொன்னத எந்தப் பத்திரிகைக்காரன்டி போடுவான்?"

யாரும் போட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

ஆட்காட்டி விரலின் நுனியைப் படிகத்தின் மேல் வைத்தாள். தூங்குகிற ஒன்றைத் தொடுவதுபோல, அழுத்தாமல்.

மீட்டரில் எண் அசையவில்லை. இன்னும் உலோகம்தான்.

ரெஹானா எழுந்து அருகில் வந்தாள்.

"என்னடி? சொல்லேன்."



அவள் விரலை எடுக்கவில்லை.