எலுமிச்சம்பழ மூட்டை

மாட்டு வண்டியின் பின்படுதாவை அண்ணன் இழுத்துக் கட்டியதும் இராமலட்சுமி ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டாள்.

சுரண்டையிலிருந்து குற்றாலம் போகக் கரிப்புகையில் ஓடும் பஸ் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அண்ணன் வல்லிநாயகம் வண்டி பிடித்திருந்தான். வழியில் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டான்.

அவள் காலடியில் ஒரு எலுமிச்சம்பழ மூட்டை. அது எதற்கென்று அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், தலையை மழித்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, ஒரு மண்டலம் அருவிக்கடியில் நிறுத்துவார்கள். தெளிந்தவர்கள் வீடு திரும்புவார்கள். தெளியாதவர்களை அங்கேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுகிறவர்களும் உண்டு.

இராமலட்சுமி பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள். பிறந்த பிள்ளை பதினோராம் நாள் போய்விட்டது. அதன் பிறகு அவள் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, அதனோடு பேசிக்கொண்டு இருந்தாளாம். அவளுக்கே அது பாதி நினைவிருந்தது, பாதி இல்லை.

இந்த மாதிரிச் செய்திக்கு மட்டும் கால் முளைத்துவிடும். தென்காசியிலிருந்து மாமனார் கடிதம் எழுதிவிட்டார். பித்து உண்மையென்றால் அவள் அங்கேயே இருக்கட்டும், பையனுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று. அவளுடைய மூன்று வயது மகள் தங்கம் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

கடிதம் வந்த அன்று அண்ணன் அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "ஆவணியில எனக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இவள இப்படியே விட முடியாதுல்லா."

வடகரையில் அவனுக்குப் பெண் பேசி வெற்றிலை மாற்றியாகிவிட்டது. தங்கச்சி பைத்தியம் என்று தெரிந்தால் அந்த இடம் நிற்குமா? சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணன்தான். கல்யாணம் என்று வந்தால் ஆண்பிள்ளை மாறத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க அழுகையை விடப் பயம்தான் அதிகமாக வந்தது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியில், குடையோடு நின்றவரைப் பார்த்ததும் அவள் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மாமனாரின் தம்பி சிவனணைந்தபெருமாள்.

"உன் கார்டு கிடைச்சுது டே, வல்லிநாயகம். சுகமில்ல, நேர்ல வாங்கன்னு மட்டும் எழுதியிருக்க. அதான் வந்தேன்."

கார்டு போட்டு வரவழைத்ததே அண்ணன்தான். கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான். இனித் தங்கத்தைப் பார்க்க முடியாது என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

பாறையோரம் நாவிதர் குத்தவைத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டார்.

இராமலட்சுமி கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். நாவிதர் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் ஒரு சொட்டுக்கூட அவள் தலையில் விழவில்லை.

கண்ணைத் திறந்தாள். நாவிதர் முன்னால் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முடி கொத்துக் கொத்தாகப் பாறையில் விழுந்துகொண்டிருந்தது.

சிவனணைந்தபெருமாள் ஓர் அடி பின்வாங்கினார். "என்னடே இது? இவளுக்குன்னுல்லா சொன்னாங்க?"

"ஊருக்கு ஆளு மாறிப்போச்சு மாமா. வெறும் தொட்டில ஆட்டிக்கிட்டு இருந்தது நாந்தான். பிள்ளை போனதுலருந்து எனக்குப் புத்தி நிலைக்க மாட்டேங்கு. இவ எனக்குத் துணைக்கு வந்திருக்கா."

பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அப்ப ஆவணிக் கல்யாணம்?"

"வடகரைக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா. இத மறைச்சு ஒரு பிள்ளையக் கட்டக் கூடாதுல்லா."

சிவனணைந்தபெருமாள் உச்சுக் கொட்டினார். பிறகு இராமலட்சுமியிடம், அண்ணனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மண்டலம் ஆனதும் அவள் புருஷனையே தங்கத்தோடு அனுப்பி அழைத்துவரச் சொல்வதாகவும் சொல்லிவிட்டு, வல்லிநாயகத்தின் பக்கம் திரும்பாமலே நடையைக் கட்டினார். பைத்தியம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாரோ என்னவோ.

குடை கூட்டத்தில் மறைந்தது.

"அண்ணே, அந்த வடகரைப் பொண்ணு..."

அவன் மூட்டையை அவிழ்த்து ஒரு பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கினான். ஒரு பாதியைத் தன் மொட்டைத் தலையில் தேய்த்தான். கத்தி பட்ட இடமெல்லாம் எரிந்து கண்ணில் நீர் வந்தது. மறு பாதியை அவள் கையில் வைத்தான்.

"துணைக்கு வந்தவளும் தேய்ச்சுக் குளிக்கலாம்ட்டி. அத யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."