பலகையில் அண்ணன் பேர்

"பட்டறை உங்க தங்கச்சியோடதுன்னு லைசென்ஸ்ல இருக்கு. பலகையில மட்டும் உங்க பேர் எதுக்கு?"

வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார். பெண்கள் நடத்தும் கடைகளைக் கண்டுபிடித்து, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோவோடு போடுகிற வேலை அவருடையது. தொண்ணூற்றொன்பது கடை முடிந்துவிட்டது. நூறாவதாக மாட்டியது, கார்களுக்கு சீட் கவர் தைக்கும் இந்தப் பட்டறை.

அண்ணன்காரன் எழுந்து நின்றான். "எங்களை விட்டுடுங்க மேடம். ஸ்டிக்கர் கிக்கர் எல்லாம் வேணாம்."

"ஏன், கௌரவம் குறைஞ்சிடுமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் உள்ளே நுழைந்தார்.

பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ரெக்ஸின் வெட்டுவது தங்கை. அளவு சொல்வதும் தங்கைதான். தையல்காரர்கள் "அக்கா, இதுக்கு எந்த நூல்?" என்று அவளைத்தான் மொய்த்தார்கள். இவன் வாசலில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு முதலாளியாம்!

"நீதானேம்மா ஓனர்?"

"அண்ணன் கடை மேடம்." நிமிராமலே சொன்னாள். காதிலிருந்து கழுத்து வரை பழைய தீக்காயத் தழும்பு.

அடப்பாவி! செயலாளர் அம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. கூடப் பிறந்தவளையே இப்படியா மிரட்டி வைப்பான்? அவள் ரெக்ஸினை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நேரம், சத்தமில்லாமல் ஒரு போட்டோ எடுத்து, கடை விலாசத்தோடு சங்கத்தின் பக்கத்தில் அங்கேயே போட்டுவிட்டார்.

வாசலுக்கு வந்து ஸ்டிக்கரையும் ஒட்டினார். "உழைக்கிறது அவ, பேர் உனக்கா? சாப்பிடற சோறு எப்படிய்யா உள்ள இறங்குது?" அரைமணி நேரம் பிடிபிடியென்று பிடித்தார். கடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் தலைகுனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டான்.

தங்கை ஓடி வந்தாள். "அவரைத் திட்டாதீங்க மேடம்."

"பயப்படாதேம்மா. இனிமே உன்னை யாரும் மறைக்க முடியாது. பாரு, ஊரே உன்னைப் பார்க்குது!" செல்போனை நீட்டினார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா..."

அவன் எட்டிப் பார்த்தான். உள்ளே போய் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தான். "எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க" என்றான்.

"என்னம்மா இது?"

தங்கைதான் சொன்னாள். "எனக்கு நெருப்பு வெச்சவன் என் புருஷன் மேடம். மூணு ஊருக்குத் தேடி வந்து அடிச்சான். அண்ணன் கடையை என் பேருக்கே எழுதிட்டு, வெளியில தன் பேரைப் போட்டு என்னை ஒளிச்சு வெச்சிருந்தார். யார்கிட்ட சொன்னாலும் அவன் காதுக்குப் போயிடும்னு வாயை மூடிக்கிட்டோம்."

"ஐயோ! இரும்மா, இப்பவே எடுத்துடறேன்."

அவசரமாகப் பக்கத்தைத் திறந்தார். போட்டோவுக்குக் கீழே வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. கடைசியாக ஒன்று, பத்து நிமிடத்துக்கு முன்னால் வந்திருந்தது.

"இது என் சம்சாரம்தான். ரெண்டு வருஷமா தேடறேன். விலாசத்துக்கு ரொம்ப நன்றி மேடம், கிளம்பிட்டேன்."