கல்நெஞ்சுக்காரி

“பெத்த குட்டியையே முட்டித் தள்ளுது. இதெல்லாம் ஒரு தாயா?” என்று கொல்லையில் கட்டியிருந்த ஆட்டைத் திட்டினார் லாண்டரிக்காரர்.

முந்தாநாள் பிறந்த குட்டிக்கு அடுப்படி மூலையில் சாக்கு விரித்துப் புட்டிப்பால். அதை அவர்தான் வளர்க்கிறார் என்று தெருவுக்கே தெரியும், அவரே சொல்லியிருந்தார். பாலைக் காய்ச்சி ஆற்றுவதும், தலையை நிமிர்த்திப் புகட்டுவதும் மட்டும் மனைவி.

“மத்த வேலையெல்லாம் நீங்கதானே பாக்குறீங்க” என்றாள் அவள். அவருக்கு அது பாராட்டாகவே கேட்டது.

ஈவிரக்கமில்லாத ஜென்மம் வீட்டில் இருக்கக் கூடாதென்று கறிக்கடைக்காரரை வரச் சொல்லியிருந்தார். அவர் கயிற்றோடு வந்து நின்ற நேரம், குட்டியைப் பார்க்க மாட்டு டாக்டரும் வந்து சேர்ந்தார்.

டாக்டர் குட்டியைத் தூக்கியதும் மூக்கைச் சுருக்கினார். “என்னங்க, ரோஜாப்பூ மாதிரி மணக்குது?”

லாண்டரிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “பொறந்தப்ப ஒரே பிசுபிசுப்பு. தாய் நக்குறதுக்குள்ள தூக்கிட்டுப் போய் சோப்பு போட்டு அலசி, கடையில துணிக்குப் போடுற வாசனைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தேன். இன்னும் போகல பாருங்க.”

“வாசத்தை வச்சுத்தாங்க ஆடு தன் குட்டியை அடையாளம் கண்டுக்கும். அதைக் கழுவி விட்டுட்டு, தாயைத் திட்டுறீங்களா?”



கறிக்கடைக்காரர் கயிற்றை உதறினார். “அப்ப நான் யாரை ஓட்டிட்டுப் போறது?”

மனைவி பால் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள்.