மறுபடி முதலிலிருந்து

பி.எட். கல்லூரியின் பயிற்சி வகுப்பில் கணினி உருவாக்கிய, ஒளியாலான பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். சுகிர்தா ஆத்திரத்தில் எதையாவது சொல்லி அவர்கள் அழுதால், கையைத் தலைக்கு மேல் உயர்த்துவாள். சொன்ன சொல்லும் அழுகையும் அழிந்து, பாடம் முதலிலிருந்து தொடங்கும். கடைசியாக நடத்திய பாடத்துக்கு மட்டும்தான் மதிப்பெண். ‘மிகவும் பொறுமையானவர்’ என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

நிஜப் பள்ளியில் முதல் நாள். பேச்சிமுத்து அதே பின்னக் கணக்கை மூன்றாம் முறையாகக் கேட்டான்.

“மண்டையில என்ன, களிமண்ணாடா இருக்கு?”

வகுப்பே சிரித்தது. அவன் கண்கள் கலங்கின. பழக்கத்தில் சுகிர்தாவின் கை மேலே போனது.

எதுவும் அழியவில்லை. பேச்சிமுத்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தான்.

“அடிக்காதீங்க டீச்சர். இனிமே எதுவுமே கேக்க மாட்டேன்.”