விடச்சொன்ன நான்கு வரிகள்

அறுப்பின் பண்டிகையன்று, கவிராயர் வேதக்கண்ணு எழுதிய காவியத்தை ஆலயத்தில் பாடுவதாக ஏற்பாடு. பாடவிருந்தவர் மிஷன் பள்ளி ஆசிரியை செலினாள். முந்தின நாளே போதகர் தேவசிகாமணி அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஆதித்தாய் கனியைக் கடிக்கிற நாலு வரிய மட்டும் விட்டுருங்க டீச்சர். கேக்கிறவனுக்கு நாக்குல எச்சி ஊறுது. பாவம் இவ்வளவு இனிக்கக் கூடாது."

செலினாள் பாட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அந்த இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்கூட விடாமல் பாடினார். போதகருக்குச் சுருக்கென்றது. பாட்டை நிறுத்த, மேசைமேல் இருந்த மணியை நோக்கிக் கையை நீட்டினார். கனியின் தோல் பல்லில் உடைந்ததும், அந்தப் பெண் தன் துணிச்சலைக் கண்டு தானே மலைத்து நின்றதும் குரலில் அப்படியே வந்தன. மணியைத் தொட்ட கை அங்கேயே இருந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை. பாட்டில் அவள் தோட்டத்தைவிட்டு அழுதபடி வெளியேறியபோது ஆலயமே விம்மியது.

ஆராதனை முடிந்ததும் செலினாள் வந்து நின்றார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் வந்திருந்தார்.

"சொல்லியும் கேக்கலையே டீச்சர்?"

"அவளுக்கு இனிச்சதுன்னு சொல்லாம, அவ ஏன் அழுதான்னு எப்படிய்யா சொல்றது?"

போதகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவது வரி எனக்குச் சரியா காதுல விழல. இன்னொரு தடவை பாடுங்க."