ஒரு விரல் தள்ளி

ராட்டினத்தின் காலித் தொட்டிலொன்று முறிந்து விழுந்ததும் திருவிழாக் கூட்டம் சிதறி விலகியது. வெல்டர் அமலதாஸ் ஓடிப்போய், தொட்டிலைத் தாங்கிய கம்பியைத் தூக்கிப் பார்த்தார். காலையில் அவர் பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, நல்ல இரும்புதான் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில், சூட்டில் பெருத்துப்போன இரும்பின் மணிகள் கல்லுப்புபோல மினுங்கின. சீக்கிரம் ஆறட்டுமென்று, செக்கச்செவேலென்று இருந்த கம்பியில் வாளித் தண்ணீரைக் கொட்டியவர் அவர்தான்; அப்படித் திடீரென்று குளிர்ந்த இரும்பு கண்ணாடிபோல முறியும்.

“அண்ணே, மேல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. மெதுவா சுத்தி எறக்கிரட்டுமா?” என்றான் ராட்டினக்காரன்.

அமலதாஸ் அண்ணாந்து பார்த்தார். காலையில் அதேபோலப் பற்றவைத்துத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு தொட்டில் உச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. தனக்கொன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று அதிலிருந்து அவர் மனைவி ரெஜினா கையசைத்தாள்.