பேய் உறுமினால் சிரிக்கிறவன்

சிரிப்புப் பேய்ப்படத்துக்காக ஜன்னல்களில் போர்வை கட்டி நடுப்பகலை இருட்டாக்கியிருக்கிறார்கள். போர்வையின் ஓட்டைகளில் வெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. பேய்க்கு ஆள் பிடிக்கக் கையில் காசில்லாமல், இயக்குநர் தன் மனைவிக்கே முகத்தில் மாவைப் பூசி நிறுத்தியிருக்கிறான். அவள் உறுமுகிறாள். உடனே பக்கத்து அறையில் குழந்தை கெக்கலி கொட்டிச் சிரிக்கிறது. “கட்! வேற மாதிரி உறுமேன்டி!” “தெனம் இப்படி உறுமித்தானே அவனுக்குச் சோறு ஊட்டுறேன். வேற உறுமல் எனக்கு வராதுங்க.” இயக்குநர் நகத்தைக் கடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைச் சாயங்காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டுகிறார். “பேயை விடு தம்பி. இதை மட்டும் கேளு.” இருட்டுக்குள் அந்தச் சிரிப்பு மட்டும் தனியாக ஓடுகிறது. பெற்ற பிள்ளையின் சிரிப்புத்தான். ஆனாலும் அந்த அறைக் கதவைத் திறந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.